நேற்று என்றால்

சத்துமாவு மூட்டைகளோடு வந்து இறங்கியது
இந்த மாதத்து விளக்கப்படம்.
தங்கச்சிமடத்து உப்புக்காற்றில்
ஒட்டுநாடா ஒருநாள் தாங்காது.
நாலு ஆணி கேட்டுப் படகுப் பட்டறைக்கு ஆள் அனுப்பினேன்.
வந்தது பலகைக்கு அடிக்கிற ஆணி.
பன்னிரண்டு தலைவர்களும் இனி
எந்தப் புயலுக்கும் அசையமாட்டார்கள்.

"இது யாரு?"
"கண்ணாடித் தாத்தா."
"இது?"
"ரோசாப்பூ."
"இந்தத் தாடிக்காரர்?"
"சூசையப்பரு."
"எங்க பள்ளிவாசல் மோதினாரு" என்றாள் அஃப்ரா,
தலைப்பாகையைத் தொட்டு.

பெயர் எதுவும் ஒட்டவில்லை.
பெரியவர்களுக்கும்
கண்ணாடி, பூ, தாடி, மீசைக்கு மேல்
எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ.

ஆண்டு சொல்லாதீர்கள், கதையாகச் சொல்லுங்கள் என்பது
பரமக்குடிப் பயிற்சியில் கேட்டது.
"ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி..."
"நேத்தா டீச்சர்?"
நேற்று இல்லை மிதுனா, அதற்கும் முன்னாடி.
"முந்தாநேத்தா?"

மூன்றரை வயதின் நாட்காட்டியில்
அதற்கு அப்பால் தாள் கிடையாது.
டைனோசர் செத்தது,
தனுஷ்கோடியைக் கடல் கொண்டது,
போன கிறிஸ்துமஸ்,
காலையில் தின்ற இட்லி,
எல்லாம் நேற்று.

சரி, நேற்றுதான்.
நேற்று வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டான்.
தாத்தா நடந்தே கடலுக்குப் போய்
ஒரு பிடி அள்ளினார்.
"அது சும்மாதானே கெடக்கு?"
அதைத்தான் அவரும் சொன்னார்.
"அப்புறம்?"
"புடிச்சு ஜெயில்ல போட்டாங்க."

சொன்ன பிறகுதான் ரெக்சனைப் பார்த்தேன்.
களிமண் உருட்டிய கை நின்றிருந்தது.
"எங்கப்பாவையும் புடிச்சாங்க," என்றான்.
"நேத்து."

தடைக்காலம் முடிந்து போன முதல் நடை அது.
இன்றோடு ஐம்பத்து மூன்று நாள்.
மூன்று தரம் காவல் நீட்டித்தாயிற்று யாழ்ப்பாணத்தில்.
அவன் அம்மா பிள்ளையை விட வரும்போது
கைபேசியைக் கையிலேயே வைத்திருப்பாள்,
சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போல.

"உங்கப்பாவும் உப்பு எடுத்தாரா?"
"மீனு எடுத்தாரு. கோட்டைத் தாண்டிட்டாராம்."
"கடல்ல ஏது கோடு?"
"தண்ணிக்கு அடியில இருக்கு."

கோட்டைத் தாண்டாமல் வண்ணம் அடிங்க என்று
தினமும் சொல்கிறவள் நான்.
இரண்டும் ஒன்றில்லையடா என்று வாய் திறந்தேன்.
எல்லை, ஒப்பந்தம், இழுவைமடி,
அக்கரையில் வலை அறுந்து அழுகிறவர்கள்.
எந்தச் சொல்லும் இந்தக் கோரைப்பாயில்
உட்காருகிற அளவில் இல்லை.
மூடிக்கொண்டேன்.

"தாத்தாவ யாரு வெளிய விட்டா?"
"நெறையப் பேரு கேட்டாங்க. விட்டுட்டாங்க."
"எத்தன பேரு?"
பத்து வரைதான் எண்ணத் தெரியும் அவனுக்கு.
"பத்துக்கு மேல," என்றேன்.

எழுந்தான்.
ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினான்.
ஆறுக்கு அடுத்து எட்டு.
தூங்குகிற லோகித்தை இரண்டு தரம்.
முட்டை உரித்துக்கொண்டிருந்த முத்துராக்கு அக்கா.
நான்.
எண் தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை,
சுவருக்குப் போய்
கை எட்டிய கீழ் வரிசையையும் தொட்டான்:
பத்து, பத்து, பத்து.
"வந்திருச்சு டீச்சர். கேப்பமா?"

நல்லவேளை, குக்கர் கத்தியது.
தட்டு, வரிசை, கை கழுவல்.
ரெக்சன் மஞ்சள்கருவை மட்டும் தின்றான்,
எப்போதும் போல.

பதிவேட்டில் எழுதினேன்:
இன்றைய பாடம், தேசத் தலைவர்கள்.
குழந்தைகள் பங்கேற்பு, நன்று.

கதவைப் பூட்டுமுன் படத்தைப் பார்த்தேன்.
நாளைக்கு மீசைக்காரர் முறை.
அவரும் ஜெயிலுக்குப் போனவர்.